இரண்டு ரூபாயும் பதினைந்து இலட்சமும்

நம் சமுதாயக் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர் பலரின் உள்ளத்தில் எழும் வினா ஒன்று உண்டு. "வீடு வீடாகச் சென்று ஐம்பதும் நூறுமாகத் திரட்டும் இப்பணத்தால் என்ன ஆகிவிடப் போகிறது? பல்கலைக் கழகங்கள் கோடிக் கணக்கில் நடைபெறுகின்றன. பேராசிரியரை அமர்த்துவதும் ஆய்வுக் கூடம் எழுப்புவதும் அரசும் பெருஞ்செல்வரும் செய்ய வேண்டியவை அல்லவா?" என்பதே அவ்வினா. நேர்மையான வினாதான். அதற்கு அறிவுரையால் விடை கூறுவதினும் வரலாற்றால் விடை கூறுவதே முறையாகும்.

கல்கத்தாப் பல்கலைக் கழகத்துக்கு அளிக்கப்பட்ட சில பெருங்கொடைகளின் வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்வோம். அக்கொடைகள் மாணவரை எவ்வாறு தாங்கின, ஆசிரியரை எவ்வாறு நிலைநிறுத்தின, ஆராய்ச்சியை எவ்வாறு வளர்த்தன என்பதைக் காண்போம். அவை எட்டாத இடம் எது என்பதையும் காண்போம். நமக்குரிய பாடம் அவ்விடத்தில்தான் இருக்கிறது.

தேர்வு நடத்திய பல்கலைக் கழகம்

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக் கழகங்களும் 1857ஆம் ஆண்டில் தோன்றின. பல்கலைக் கழகம் என்று பெயர் பெற்றிருந்தபோதிலும் அவை தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை, தேர்வு நடத்தின, பட்டம் வழங்கின. பாடம் சொல்லும் பணி கல்லூரிகளிடம் இருந்தது. 1904ஆம் ஆண்டின் பல்கலைக் கழகச் சட்டம், பல்கலைக் கழகங்கள் தாமே பேராசிரியரை அமர்த்திக் கற்பிக்கவும் ஆராயவும் வழி திறந்தது. 1906இல் கல்கத்தாவின் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற ஆசுதோஷ் முகர்ஜி, அவ்வழியில் ஓர் அறிவியல் கல்லூரியை எழுப்ப விரும்பினார். ஆனால் சட்டம் வழியைத் திறந்ததே யன்றிப் பணத்தைத் தரவில்லை. அரசிடமிருந்து அவர் எதிர்பார்த்த பொருளுதவியும் கிட்டவில்லை.

கொடை என்பது அப்பல்கலைக் கழகத்துக்குப் புதியதன்று. 1860களிலேயே பம்பாய்ப் பருத்தி வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் இரண்டு இலட்சம் ரூபாயைக் கல்கத்தாப் பல்கலைக் கழகத்துக்கு அளித்திருந்தார். சிறந்த மாணவர்க்கு அவர் பெயரால் உதவித் தொகை வழங்கப்பட்டு வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் பருத்தி விலை வீழ்ந்தபோது அவ்வணிகரின் பெருஞ்செல்வம் கரைந்து போயிற்று. பல்கலைக் கழகத்தின் பொறுப்பில் வைக்கப்பட்ட முதலோ கரையவில்லை. அவர் கையில் இருந்தது போயிற்று, கொடுத்தது நின்றது. இப்பெயரை நினைவில் கொள்க. மீண்டும் இவரைச் சந்திப்போம்.

இரு வழக்கறிஞர்களின் கொடை

1912ஆம் ஆண்டில் தாரக்நாத் பாலித் என்னும் வழக்கறிஞர், பணமும் நிலமும் கட்டடமுமாக ஏறத்தாழ 15 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள உடைமையைப் பல்கலைக் கழகத்துக்கு எழுதி வைத்தார். அடுத்த ஆண்டில் மற்றொரு வழக்கறிஞரான ராஷ்பிகாரி கோஷ் 10 இலட்சம் ரூபாய் அளித்தார். இவர் 1908ஆம் ஆண்டுச் சென்னைக் காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இவ்விரு கொடைகளையும் அடித்தளமாகக் கொண்டு 1914 மார்ச் 27ஆம் நாள் பல்கலைக் கழக அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

கொடுத்த தொகையினும் கொடுத்த முறையே நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. "நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துக" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர்கள் விலகவில்லை. பாலித்தின் கொடை இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஒவ்வொரு பேராசிரியர் இருக்கையை நிறுவியது. கோஷின் கொடை பயன்முறைக் கணிதம், இயற்பியல், வேதியியல், வேளாண்மை சார்ந்த தாவரவியல் ஆகிய நான்கு துறைகளில் இருக்கைகளை நிறுவியது. பேராசிரியர் ஒருவருக்கு இருவர் வீதம் எட்டு ஆய்வு மாணவர்க்கு உதவித் தொகையும் வகுத்தது. அந்த இருக்கைகளில் இந்தியரே அமர வேண்டும் என்பது இருவரும் விதித்த நிபந்தனை.

அந்நாளில் அரசுக் கல்விப் பணியின் மேல்தட்டு பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கு உரியதாக இருந்தது. எடின்பரோவில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய பிரபுல்ல சந்திர ராய் போன்ற பேரறிஞர்கூடக் கீழ்நிலைப் பணியில், குறைந்த ஊதியத்தில் அமர்த்தப்பட்டார். திறமை இருந்தும் நிறம் தடுத்தது. அத்தடையைப் பத்திரத்தில் எழுதிய ஒரு நிபந்தனையால் இவ்விரு வழக்கறிஞர்களும் உடைத்தனர். எழுதிய சொல்லுக்கு உள்ள வலிமையை வழக்கறிஞர் அறியாரோ!

கொடை உழைக்கும் முறை

நிலைக்கொடை என்பதன் இயல்பை இளைஞர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். கொடையாளர் அளிக்கும் முதல் தொடப்படுவதில்லை. அதனைப் பாதுகாப்பாக முதலீடு செய்து, வரும் வருவாயை மட்டுமே குறித்த பணிக்குச் செலவிடுவர். ஓர் இலட்சம் ரூபாய்க்கு நூற்றுக்கு ஆறு வட்டி என்று கொண்டால், ஆண்டுதோறும் 6,000 ரூபாய் கிடைக்கும். கொடுத்தவர் மறைந்த பின்னும் அது கிடைத்துக்கொண்டே இருக்கும். உணவுக்காக நெல்லைச் செலவிட்டாலும் விதைநெல்லைத் தொடாத உழவனின் முறைதான் இது.

பாலித் 1914இல் மறைந்தார். அவர் நிறுவிய இருக்கை மறையவில்லை. வேதியியல் இருக்கையில் பிரபுல்ல சந்திர ராய் அமர்ந்தார். இயற்பியல் இருக்கைக்கு 1917இல் அழைக்கப்பட்டவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வே. இராமன். அவர் 1907 முதல் அரசின் நிதித்துறையில் உயர் அலுவலராகப் பணியாற்றி வந்தார். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில்தான் ஆராய்ச்சி செய்தார். பேராசிரியர் ஊதியம் அவர் பெற்றுவந்த ஊதியத்தினும் குறைவு. எனினும் அறிவியலுக்கே முழு நேரத்தையும் தரலாம் என்பதால் அதனை ஏற்றார். அவர் ஆராய்ச்சி நடத்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கமோ, மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் பொதுமக்களிடம் நிதி திரட்டி 1876இல் நிறுவியதாகும். ஒரு கொடை ஊதியம் அளித்தது. மற்றொரு கொடை கூடம் அளித்தது. 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

கொடையால் வாழ்ந்தவரே கொடையாளராக மாறுவதும் உண்டு. பிரபுல்ல சந்திர ராய் 1921இல் அறுபது வயதை எட்டியபோது, அதன்பின் தமக்கு வரும் ஊதியம் முழுவதையும் பல்கலைக் கழகத்திலேயே விட்டு, வேதியியல் துறையின் வளர்ச்சிக்குப் பயன்படுத்துமாறு செய்தார். 1936இல் ஓய்வு பெறும் வரை இது தொடர்ந்தது. பெற்றவர் திருப்பித் தந்தாலன்றிக் கொடை என்னும் ஆறு ஓடாது.

கடைக்காரர் மகன்

இனி, அந்த அறிவியல் கல்லூரியின் வாயிலுக்கு ஓர் ஏழை மாணவர் வந்து சேர்ந்த வரலாற்றைக் காண்போம்.

டாக்கா மாவட்டத்தில் சியோராத்தலி என்னும் சிற்றூர். அங்கே சிறு மளிகைக் கடை நடத்தி வந்த ஜகந்நாத் சாகாவின் எட்டு மக்களில் ஐந்தாமவராக 1893 அக்டோபர் 6ஆம் நாள் மேகநாத் சாகா பிறந்தார். சாகா சமூகம் வங்காளத்துச் சாதி அடுக்கில் தாழ்வாக நடத்தப்பட்ட வணிகச் சமூகமாகும். தீண்டத்தகாதார் எனத் தள்ளப்பட்ட நம் முன்னோர் பட்ட துன்பம் முழுவதையும் அவர் பட்டார் என்பது மிகையாகும். ஆயினும் சாதியின் கொடுமை அவரை விடவில்லை.

தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க ஊரில் பள்ளி இல்லை. பல கல் தொலைவில் இருந்த சிமுலியாவில் அனந்த குமார் தாஸ் என்னும் மருத்துவர் தம் வீட்டில் அச்சிறுவனுக்கு இடமும் உணவும் அளித்தார். உண்ட தட்டைத் தானே கழுவ வேண்டும், வீட்டுப் பசுவைப் பேண வேண்டும் என்பவை நிபந்தனைகள். அங்குப் படித்துத் தேர்ந்து 1905இல் டாக்கா நகரப் பள்ளியில் அரசு உதவித் தொகையுடன் சேர்ந்தார். வங்கப் பிரிவினைக் கிளர்ச்சிக் காலம் அது. ஆளுநர் வருகையை எதிர்த்த மாணவருள் அவரும் ஒருவர் என்று பள்ளியினின்று நீக்கப்பட்டார். உதவித் தொகையும் போயிற்று. தனியார் பள்ளி ஒன்று கட்டணம் வாங்காமல் அவரைச் சேர்த்துக்கொண்டது.

பள்ளிக் கட்டணம் இல்லை என்றால் போதுமா? வயிறு இருக்கிறதே! சணல் நிறுவனம் ஒன்றில் மாதம் 20 ரூபாய்க்கு வேலை பார்த்த அண்ணன், அதில் 5 ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். கிழக்கு வங்காள வைசிய சமிதி என்னும் சமூகச் சங்கம் மாதம் 2 ரூபாய் உதவியது.

இரண்டு ரூபாய்! பாலித் அளித்த 15 இலட்சத்தை அண்ணனின் மாத ஊதியமாகிய 20 ரூபாயால் வகுத்துப் பாருங்கள். 75,000 மாதங்கள், அதாவது 6,250 ஆண்டுகள் அவர் உழைத்தால்தான் அத்தொகையை ஈட்ட முடியும். அத்துணைப் பெருங்கொடையும் அந்தச் சிற்றூர்ச் சிறுவனை நேரே தேடி வந்திராது. கல்லூரி கல்கத்தாவில் இருந்தது; சிறுவன் டாக்காவில் பசித்திருந்தான். இடையிலிருந்த தொலைவை அண்ணனின் ஐந்து ரூபாயும் சங்கத்தின் இரண்டு ரூபாயுமே கடக்க வைத்தன.

1909ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காள மாணவருள் அவர் முதல்வராகத் தேறினார். பின்னர்க் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, சத்யேந்திரநாத் போசுடன் ஒரே வகுப்பில் பயின்றார். அக்காலத்தில் அவர் தங்கியிருந்த ஈடன் இந்து விடுதியில், மேல்சாதி மாணவர் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். கலைமகள் வழிபாட்டிலும் அவர் ஒதுக்கப்பட்டார். கல்வித் தெய்வத்தைக் கும்பிடக் கல்வியில் சிறந்தவனுக்கு இடமில்லை! விண்மீன்களின் ஒளியைப் படித்தறியப் போகிறவருக்கு உணவுக் கூடத்தின் விளக்கொளியில் அமர இடம் மறுக்கப்பட்டது.

1916இல் அறிவியல் கல்லூரி அவரை விரிவுரையாளராக ஏற்றது. பாலித்தும் கோஷும் நட்ட மரத்தின் நிழல் அவருக்குக் கிட்டியது. 1919இல் அவருடைய ஆய்வுக்குக் கிடைத்த பரிசு எது? பிரேம்சந்த் ராய்சந்த் உதவித் தொகை! செல்வம் கரைந்துபோன அந்தப் பம்பாய் வணிகரின் கொடை, அரை நூற்றாண்டு கழித்து ஒரு கடைக்காரர் மகனைத் தாங்கியது. குருபிரசன்ன கோஷ் அறக்கட்டளையின் பயண உதவியும் சேர, இலண்டனுக்கும் பெர்லினுக்கும் சென்று ஆராயும் வாய்ப்பைச் சாகா பெற்றார். 1920இல் கதிரவனின் வெளிப்படலத்தில் அணுக்கள் மின்னேற்றம் அடைவது பற்றிய அவர் கட்டுரை வெளிவந்தது. விண்மீனின் ஒளியைப் பிரித்து நோக்கி அதன் வெப்பநிலையை அறியவும், அங்குள்ள தனிமங்களை உணரவும் வழிகாட்டிய சாகா சமன்பாடு இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. 1927இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

இருக்கை மட்டும் போதுமா?

கொடையின் வரலாற்றைப் புகழ்ச்சியாக மட்டும் எழுதுதல் நேர்மையாகாது. 1921இல் சாகா நாடு திரும்பிக் கைரா இயற்பியல் பேராசிரியரானார். கைரா குறுநிலத்தார் அளித்த கொடையால் நிறுவப்பட்ட இருக்கை அது. மொழியியல் அறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜியை வாழ்வித்ததும் அதே கொடைதான். ஆனால் சாகாவுக்கு நாற்காலி கிடைத்ததே யன்றி, ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகளும் உதவியாளரும் போதிய அளவில் கிட்டவில்லை. 1923இல் அவர் கல்கத்தாவை விட்டு அலகாபாத் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார்.

மாணவனின் சோறு, ஆசிரியரின் இருக்கை, ஆராய்ச்சியின் கருவி ஆகிய மூன்றும் முக்காலியின் மூன்று கால்கள். ஒன்று குட்டையாயினும் அமர முடியாது. 1938இல் சாகா மீண்டும் கல்கத்தாவுக்கு வந்தார். இம்முறை பாலித் இருக்கையில் அமர்ந்தார். இராமனும் அவருக்குப் பின் தேவேந்திர மோகன் போசும் அமர்ந்திருந்த அதே இருக்கை அது. டாட்டா அறக்கட்டளையின் உதவியும் சேர, அணுக்கருத் துகள்களை விரைவூட்டும் சைக்ளோட்ரான் கருவியை அமைக்கும் பணியைத் தொடங்கினார். 1950இல் அணுக்கரு இயற்பியல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயராலேயே விளங்குகிறது.

கொடையிலிருந்து உரிமைக்கு

சாகா மாணவராக இருந்த அதே காலத்தில், 1913இல், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் பதினொன்றரைப் பவுண்டு உதவித் தொகையோடு அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தை அடைந்தார். அவர் அங்குப் பயின்ற நாளில் பல்கலைக் கழகத்தின் தலைமை நூலகமாக இருந்தது லோ நூலகம். பல்கலைக் கழகத் தலைவராக இருந்த சேத் லோ, தம் தந்தையின் நினைவாகப் பத்து இலட்சம் டாலர் அளித்து எழுப்பிய நூலகம் அது. கடலுக்கு அப்பாலிருந்த ஒரு வணிகக் குடும்பத்தின் கொடையும், ஓர் இந்திய மன்னரின் உதவியும் ஒருங்கே அமைந்து அவருடைய கல்விக்குத் துணை நின்றன.

ஆனால் பட்டம் பெற்று 1917இல் பரோடாவுக்குப் பணியாற்ற வந்த அவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. தீண்டாமை துரத்தியது. சாகாவுக்கு விடுதியில் நேர்ந்ததும் அம்பேத்கருக்குப் பரோடாவில் நேர்ந்ததும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. கொடை கல்வியைத் தரும், மதிப்பைத் தராது. நிறத் தடையை உடைக்க ஒரு பத்திரத்தின் நிபந்தனை போதியதாக இருந்தது. சாதித் தடையை உடைக்க ஒரு நாட்டின் சட்டமே தேவைப்பட்டது.

அதனை உணர்ந்தமையால்தான் அண்ணல் கொடையோடு நிற்கவில்லை. 1942இல் அரசப் பிரதிநிதிக்கு அளித்த முறையீட்டில், காசி, அலிகர் பல்கலைக் கழகங்களுக்கு அரசு மானியம் தருவதைச் சுட்டிக்காட்டி, தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கும் அரசுப் பணம் வேண்டும் என்று வாதாடினார். 1944இல் தாழ்த்தப்பட்டோர்க்கான உயர்கல்வி உதவித் தொகைத் திட்டம் பிறந்தது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. அரசின் பொருளால் நடைபெறும் கல்வி நிலையங்களில் சாதியின் பெயரால் எவருக்கும் இடம் மறுத்தலாகாது என விதித்தது. உதவியாக வந்தது உரிமையாக மாறிற்று.

நாம் செய்ய வேண்டுவன

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடங்கள் சில. முதலாவது, நம் கழகத்தின் பணி பாலித்தின் பணியன்று. வைசிய சமிதியின் பணியாகும். விண்ணப்பக் கட்டணம், பயணச் செலவு, விடுதியில் முதல் மாத உணவு, ஒரு நல்ல நூல் ஆகியவை இல்லாமல் நம் பிள்ளைகள் வாயிலிலேயே திரும்பி விடுகின்றனர். ஆண் பிள்ளையாயினும் பெண் பிள்ளையாயினும் அவர்களை அவ்வாயில் வரை கொண்டு சேர்ப்பது நம் கடமை.

இரண்டாவது, திரட்டும் பணத்தை ஆண்டுதோறும் செலவிட்டு முடித்துவிடாமல், ஒரு பகுதியை நிலைமுதலாக வைத்தல் வேண்டும். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பதைப் பாலித்தும் கோஷும் போல எழுத்தில் தெளிவாக வகுத்தல் வேண்டும். பணத்தின் மதிப்புக் குறைந்துகொண்டே போகும் என்பதையும் மறத்தலாகாது. சாகாவைக் காத்த இரண்டு ரூபாய் இன்று ஒரு குவளைத் தேநீருக்கும் போதாது. ஆகவே வட்டியிலும் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துவர வேண்டும்.

மூன்றாவது, நம் கொடை அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. உதவித் தொகை காலம் தாழ்ந்து வரும்போது மாணவன் பட்டினி கிடக்காமல் தாங்குவது நம் வேலை. அத்தொகை உரிய காலத்தில் வர வேண்டும் என்று கேட்பதும் நம் வேலை.

நான்காவது, கழகத்தின் உதவியால் படித்து இன்று ஊதியம் பெறும் உறுப்பினர்கள் பிரபுல்ல சந்திர ராயை நினைத்துக்கொள்ளுதல் நலம். முழு ஊதியத்தையும் தரச் சொல்லவில்லை. தாம் ஏறி வந்த ஏணியைப் பிறர்க்கும் பிடித்துக்கொள்ளுங்கள் என்றே கேட்கிறோம்.

சாகாவின் சமன்பாட்டை உலகம் அறியும். பாலித்தின் பெயர் பேராசிரியர் இருக்கையில் நிலைத்திருக்கிறது. மாதந்தோறும் அந்த இரண்டு ரூபாயைத் தந்தவர்களின் பெயர்கள் எந்த அறிவியல் நூலிலும் இல்லை. கடைக்காரர், தறிக்காரர், சிறு வணிகர் என எவரெவரோ அவர்கள். அவர்கள் தராதிருந்தால் அந்த இருக்கையில் அமர அவர் வந்திருக்கவே மாட்டார். ஐம்பதும் நூறும் எதற்கு என்று கேட்ட இளைஞர்க்கு வரலாறு தரும் விடை இதுவே. அடுத்த மாதம் நன்கொடைப் புத்தகத்தோடு உங்கள் தெருவுக்குச் செல்லும்போது, எந்த வீட்டுத் திண்ணையில் எந்தச் சாகா அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார் என்பதை நாம் அறியோம். எந்தக் கதவையும் தட்டாமல் கடந்து போகாதீர்கள்.